புனர்பூசம் பக்கமிருந்து வரும் எரிமீன்கள்

டிசம்பர் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் என் போனில் ஒரே செய்தி நாலைந்து குழுக்களிலிருந்து வந்து விழும்: இன்று இரவு வானத்தில் நட்சத்திர மழை, மணிக்கு 120 விழும், தவற விடாதீர்கள். அதை நம்பி எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் ஒருமுறை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனார்கள். மணி எட்டு இருக்கும். சாலை விளக்கு, கடை விளக்கு, ஐஸ்கிரீம் வண்டி விளக்கு எல்லாம் சூழ நின்று பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தார்கள், கழுத்து வலித்தது, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார்கள், திரும்பி வந்துவிட்டார்கள். "ஒன்னும் விழல, எல்லாம் சும்மா கிளப்பி விடறாங்க" என்று அடுத்த வீட்டு அக்கா சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் செய்தி முழுப் பொய் கிடையாது. அன்று இரவு எரிமீன்கள், அதாவது நாம் எரிநட்சத்திரம் என்று சொல்பவை, வந்துகொண்டுதான் இருந்தன. எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு, அந்த 120 எந்த வானத்துக்கான கணக்கு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதைத்தான் இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன். வானியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொலைநோக்கியும் வேண்டாம், சொல்லப்போனால் அது இடைஞ்சல். அது வானத்தின் ஒரு சிறு துண்டைத்தான் காட்டும், எரிமீனோ எந்த மூலையிலும் தோன்றலாம்.

## விழுவது நட்சத்திரம் கிடையாது

எரிநட்சத்திரம் என்று நாம் சொல்வதற்கும் நட்சத்திரத்துக்கும் உறவே இல்லை. நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன். வானத்தில் கோடு போட்டு மறைவது பெரும்பாலும் ஒரு மணல் பருக்கை, மிஞ்சினால் ஒரு பட்டாணி அளவுள்ள துகள். விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதற்கு விண்துகள் என்று பெயர். நம் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்து ஒளிரும் அந்த ஒரு நொடிக் காட்சிதான் எரிமீன். முழுக்க அழியாமல் தரைக்கு வந்து சேரும் கல்லை மட்டும்தான் விண்கல் என்று சொல்ல வேண்டும். மூன்றையும் கலந்து "விண்கல் மழை" என்று எழுதுவதால்தான் கூரை மேல் கல் விழுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த நட்சத்திர மழைகளில் வரும் துகள்கள் தரை வரை வருவதில்லை. பல பத்து கிலோமீட்டர் உயரத்திலேயே ஆவியாகிப் போய்விடும்.

ஒரு மணல் பருக்கை 100 கி.மீ. உயரத்தில் இருந்துகொண்டு நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? எல்லாம் வேகம்தான். மின்சார ரயில் வாசலில் நின்று கையை வெளியே நீட்டினால் காற்று உள்ளங்கையில் அறைகிறது அல்லவா, அது மணிக்கு எழுபது எண்பது கி.மீ. வேகத்துக்கே. டிசம்பரில் வரும் துகள்கள் நொடிக்கு 35 கி.மீ. வேகத்தில் வருகின்றன, அதாவது சென்ட்ரலிலிருந்து தாம்பரம் ஒரு நொடிக்குள். ஆகஸ்டில் வருபவை நொடிக்கு 59 கி.மீ., அதே ஒரு நொடியில் மாமல்லபுரம். அந்த உயரத்தில் காற்று மிக மிக மெல்லியது என்றாலும், அந்த வேகத்தில் மோதும் ஒவ்வொரு காற்று மூலக்கூறும் துகளைச் சம்மட்டி போல அடிக்கிறது. துகள் ஆவியாகிறது, அந்த ஆவியும் வழியில் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒளிர்கின்றன. நாம் பார்ப்பது அந்த ஒளிரும் கோட்டைத்தான். துகளை யாரும் பார்ப்பதே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பொடித் துகள், பயங்கர வேகம், காற்றில் மோதி ஒளிர்ந்து ஆவியாகிறது. சரி, அப்படியானால் ஏன் குறிப்பிட்ட தேதியில் மட்டும் கூட்டமாக வருகின்றன?

## மணல் லாரி போன சாலை

பழைய மகாபலிபுரம் சாலையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். தார்ப்பாய் சரியாகப் போர்த்தாத மணல் லாரி ஒன்று போகிறது. போகும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்துகிறது. லாரி போய் நெடுநேரம் ஆன பிறகும் அந்த இடத்தைத் தாண்டும்போது நம் ஹெல்மெட் கண்ணாடியில் பொடி வந்து சடசடவென்று அடிக்கும். பொடி நம்மைத் தேடி வரவில்லை, நாம்தான் அதற்குள் புகுந்து போகிறோம்.

அந்த லாரிதான் வால்நட்சத்திரம். பனியும் தூசியும் கலந்த ஒரு கட்டி அது. சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது பனி ஆவியாகிக் கிளம்ப, அதோடு தூசியும் கிளம்பி, அதன் பாதை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது அந்தத் தூசிப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. பூமியின் சாலையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தேதி உண்டு என்பதால், ஆண்டுதோறும் அதே தேதியை ஒட்டி அதே தூசி. இப்படி ஒரே தூசிப் பாதையிலிருந்து வரும் எரிமீன் கூட்டத்தைத்தான் எரிமீன் பொழிவு என்கிறோம். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் வருவது ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரத்தின் தூசி. அது சூரியனைச் சுற்ற 133 ஆண்டுகள் ஆகும், கடைசியாக வந்துபோனது 1992-ல். லாரி எங்கோ போய்விட்டது, மணல் மட்டும் நமக்கு.

டிசம்பர் 13, 14-ல் வரும் பொழிவு கொஞ்சம் விசித்திரமானது. அதன் லாரி வால்நட்சத்திரமாக இல்லை. ஃபேத்தன் என்ற சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றும் ஒரு பெரிய பாறை. 1983-ல்தான் கண்டுபிடித்தார்கள். பாறையிலிருந்து இவ்வளவு தூசி எப்படிக் கிளம்பியது என்பது இன்றும் ஆய்வாளர்கள் விவாதிக்கிற விஷயம்.

## நுங்கம்பாக்கத்துக்கு வந்த தந்தி

வால்நட்சத்திரத்துக்கும் எரிமீன் பொழிவுக்கும் உள்ள உறவு 1860-களில்தான் உறுதியானது. அதை ஒட்டி நடந்த ஒரு சம்பவத்தில் நம் ஊர் வருகிறது, அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

பியலா என்று ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. 1846-ல் அது இரண்டாக உடைந்ததைப் பார்த்தார்கள். 1852-ல் இரண்டு துண்டுகளும் வந்தன, அதற்கப்புறம் காணவில்லை. பிறகு 1872 நவம்பர் 27 இரவு, ஐரோப்பாவில் வானத்தைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள், மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிமீன்கள். பியலாவின் தூசிக்குள் பூமி புகுந்திருக்கிறது. ஜெர்மனியில் கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் ஒரு கணக்குப் போட்டார்: தூசி இந்தத் திசையிலிருந்து வந்து நம்மைத் தாண்டிப் போயிருந்தால், வால்நட்சத்திரம் இப்போது அதற்கு நேர் எதிரே, தெற்கு வானத்தில் இருக்க வேண்டும். அது ஜெர்மனியிலிருந்து தெரியாது. உடனே மதராஸ் வானாய்வகத்தில் இருந்த போக்சனுக்குத் தந்தி அடித்தார்: பியலா 27-ம் தேதி பூமியைத் தொட்டது, தெற்கே இந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள் என்று.

நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் கல்லூரிச் சாலை வளாகம்தான் அந்த வானாய்வகம் இருந்த இடம். அது டிசம்பர் ஆரம்பம், மழைக்காலம். முதல் இரண்டு விடியற்காலையும் மேகமும் மழையும் மறைத்துவிட்டன. மூன்றாவது முறை கொஞ்ச நேரம் மேகம் விலக, சொன்ன இடத்துக்கு அருகே ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. அது பியலாவாக இருக்க முடியாது, தற்செயலாக அங்கே வந்த வேறொன்று என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எரிமீன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்து அதன் தாயைத் தேடலாம் என்ற எண்ணத்தை நம்பி ஒரு மனிதர் கூவம் கரையோரம் மூன்று விடியற்காலை கண்விழித்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

## தண்டவாளங்கள் சேரும் புள்ளி

திசை என்றேன். அதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் குழப்பம் வருவது இங்கேதான்.

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் நின்று கீழே தண்டவாளங்களைப் பாருங்கள். எல்லாம் இணையாகத்தான் ஓடுகின்றன, ஆனாலும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருவது போலத் தெரிகிறது. தூசிப் பாதையின் துகள்களும் அப்படித்தான், ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. கீழே நின்று பார்க்கும் நமக்கு எல்லாக் கோடுகளும் வானத்தின் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி நாலாபக்கமும் விரிவது போலத் தெரியும். அந்தப் புள்ளியைத் தோற்றப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அது எந்த நட்சத்திரக் கூட்டத்தில் அமைகிறதோ அந்தப் பெயர் பொழிவுக்கு வந்துவிடும். டிசம்பர் பொழிவின் தோற்றப்புள்ளி மிதுனத்தில், ஆங்கிலத்தில் ஜெமினி, அதனால் அது ஜெமினிட். ஆகஸ்ட் பொழிவு பெர்சியஸ் கூட்டத்தில், ஆகவே பெர்சீட். அந்த நட்சத்திரங்களிலிருந்து எதுவும் வருவதில்லை, அவை எங்கோ கோடானுகோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. பெயர் ஒரு திசை அடையாளம் மட்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தானாகவே வருகிறது. தோற்றப்புள்ளி அடிவானத்துக்கு மேலே வராதவரை பொழிவு கிட்டத்தட்ட இல்லை. மேலே வந்த பிறகு அதையே முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். அதன் பக்கத்தில் வரும் கோடுகள் நம்மை நோக்கி வருவதால் குட்டையாக இருக்கும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் நீளமான கோடுகள் கிடைக்கும்.

பொதுவாக நள்ளிரவுக்குப் பிறகுதான் எரிமீன் அதிகம் என்பதற்கும் காரணம் எளிது. மழையில் பைக் ஓட்டினால் முதலில் நனைவது சட்டையின் முன்பக்கம். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, நள்ளிரவு தாண்டி விடியும் வரை நாம் அந்த ஓட்டத்தின் முன்பக்கத்தில் இருக்கிறோம். டிசம்பர் பொழிவு மட்டும் கொஞ்சம் தயவு காட்டும். அதன் தோற்றப்புள்ளி சென்னையில் இரவு ஏழரை மணி வாக்கிலேயே உதித்துவிடும், இரண்டு மணிக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும்.

## அந்த 120

மணிக்கு 120 என்பது ஒரு தரப்படுத்தப்பட்ட கணக்கு. தோற்றப்புள்ளி நேர் உச்சியில் இருந்து, மேகமோ நிலவோ இல்லாமல், வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய மிக மங்கலான நட்சத்திரம் வரைக்கும் தெரிகிற கரிய வானம் இருந்தால், ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பார் என்பதுதான் அது. வெவ்வேறு ஊரில் இருந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்ட அளவுகோல். தி. நகரில் நிற்பவருக்குக் கொடுத்த வாக்குறுதி கிடையாது.

உங்கள் வானம் எப்படி என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது, நான் எப்போதும் அதைத்தான் செய்வேன். கார்த்திகை நட்சத்திரத்தைத் தேடுங்கள். நம் முன்னோர் அதை அறுமீன் என்றார்கள், ஏனென்றால் நல்ல இருட்டில் ஆறு புள்ளிகளைத் தனித்தனியாக எண்ண முடியும். ஆறும் தெரிந்தால் உங்கள் இடம் பரவாயில்லை. ஏதோ சின்னப் புகை போல மட்டும் தெரிந்தால், பிரகாசமான எரிமீன்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும், மணிக்கு ஐந்தோ பத்தோ. அதுகூடத் தெரியவில்லை என்றால் வண்டியை எடுங்கள்.

## அர்ச்சனையில் சொல்லும் நட்சத்திரம்

கோயிலில் அர்ச்சகர் கேட்டதும் பெயர், நட்சத்திரம் என்று வீட்டில் எல்லோருக்கும் கடகடவென்று சொல்லிவிடுகிறோம். ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம், பூசம். ஆனால் அவை நிஜமாகவே வானத்தில் இருக்கின்றன, மொட்டை மாடியில் ஏறினால் விரலால் காட்டலாம் என்பது நிறையப் பேருக்குத் தோன்றுவதே இல்லை. எனக்கும் முப்பது வயது வரை தோன்றவில்லை. வானத்தில் வழி கண்டுபிடிக்க நமக்கு வேண்டிய பெயர்ப்பலகைகள் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கின்றன, அவற்றை இடத்தில் பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

நிலா வானத்தை ஒரு சுற்று சுற்ற சுமார் 27 நாள். ஒவ்வொரு நாளும் அது தங்கும் வட்டாரத்துக்கு ஒரு பெயர் வைத்ததுதான் 27 நட்சத்திரம். அதனால் அவை அந்த வரிசைப்படியே வானத்திலும் மேற்கிலிருந்து கிழக்காக அடுத்தடுத்து வரும். டிசம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிக்குச் சென்னையில் கிழக்கு நோக்கி நின்று தலையை நன்றாக உயர்த்துங்கள். ஏறக்குறைய உச்சியில் கார்த்திகை, ஒரு சின்னக் கொத்து. அதிலிருந்து கிழக்கே இறங்கினால் செம்மஞ்சள் நிறத்தில் ரோகிணி. இன்னும் இறங்கினால் நேர்வரிசையில் மூன்று நட்சத்திரம் பளிச்சென்று தெரியும், ஓரியன் கூட்டத்தின் இடுப்பு அது, யாரும் தவற விட முடியாது. அதன் இடப்பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை; மேலே தலை மாதிரி இருக்கும் சிறு கொத்து மிருகசீரிடம். மூன்று நட்சத்திர வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். இப்போது திருவாதிரையிலிருந்து இடப்பக்கமாக, வடகிழக்கு அடிவானத்தை நோக்கி இறங்குங்கள். ஜோடியாக இரண்டு நட்சத்திரம் இருக்கும். அதுதான் புனர்பூசம். ஜெமினிட் தோற்றப்புள்ளி அந்த ஜோடியில் சற்று மேலே இருக்கும் நட்சத்திரத்தை ஒட்டியே இருக்கிறது.

தூரத்தை அளக்கக் கையே போதும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது வானத்தில் சுமார் 10 பாகை, அதாவது டிகிரி. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் கொஞ்சமும்தான் இருக்கும், புழுதியில் பெரும்பாலும் காணாது. அதை நம்பித் திசை பார்க்க வேண்டாம். பதிலுக்கு நமக்குத் தெற்கு நன்றாகக் கிடைக்கிறது. நள்ளிரவில் தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் தனியாக ஒளிரும் நட்சத்திரம் அகத்தியர். லண்டனில் இருப்பவர்கள் அதைப் பார்க்கவே முடியாது.

சங்கப் புலவர் ஒருவர், ஒரு பங்குனி நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் விழுந்ததைப் பார்த்து, தன் அரசனுக்கு என்ன ஆகுமோ என்று கலங்கிப் பாடியிருக்கிறார். கெட்ட சகுனம் என்ற அவர் பயத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வியப்பது வேறு இடத்தில்: உச்சியில் இருந்த நட்சத்திரம் சாய்ந்தது, எதிரே ஒன்று எழுந்தது, இன்னொன்று அடைந்தது என்று வானத்தை வைத்தே அவர் நேரத்தைக் குறித்திருக்கிறார். வானம் மணிக்கு 15 பாகை, ஒன்றரை முஷ்டி, மேற்கே நகரும். அவருக்கு அது கடிகாரம்.

ஆக, கார்த்திகையிலிருந்து புனர்பூசம் வரை வரிசையாக இறங்கத் தெரிந்தால் போதும், டிசம்பர் பொழிவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

## எங்கே போவது, என்ன செய்வது

முதலில் தினசரிக் காலண்டரில் அமாவாசை என்று என்பதைப் பாருங்கள், பொழிவின் தேதியை அப்புறம் பார்க்கலாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தது நினைவிருக்கும். அடுத்த இரவு ஜெமினிட் உச்சம். நகரத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை, இப்படி ஒரு இருட்டு சென்னைக்கு இனி எப்போது கிடைக்கும் என்று மாடிக்கு ஓடினேன். ஆனால் அன்று பௌர்ணமி. வருடத்தின் இந்தச் சமயத்தில் முழுநிலா வருவதே கார்த்திகைக்கும் புனர்பூசத்துக்கும் நடுவில்தான், அதாவது தோற்றப்புள்ளிக்குப் பக்கத்து வீட்டில். பத்து வினாடிகூட நிழல் விழாமல் நிற்க முடியவில்லை.

நிலா இல்லாத வருடமாக இருந்தால், மேகம் அடுத்த கவலை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவில் ஓய்ந்திருக்கலாம், ஓயாமலும் இருக்கலாம். ஆனால் நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காற்றில் தூசி கழுவப்பட்டு வானம் கண்ணாடி போல இருக்கும், அந்த இரவை விடாதீர்கள். பொழிவு ஒரே இரவில் திறந்து மூடும் கடை இல்லை, உச்சத்துக்கு இரண்டு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் கொஞ்சம் வரும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி, பாதி வானம் கடல் மேல் இருக்கிறது. நகர வெளிச்சம் மேற்கே, வடக்கே கிடக்கும், கிழக்கே விளக்கு இல்லை. மாமல்லபுரம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகப் போக இருட்டு கூடும். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டு மாடி இருந்தால் அது இன்னும் நல்லது, பாதுகாப்பாகவும் இருக்கும். தனியாகப் போகாதீர்கள். எங்கேயும் போக வழியில்லையா, மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தெரு விளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையில் பாய் விரியுங்கள்.

மல்லாந்து படுப்பது முக்கியம், நின்று பார்த்தால் கால் மணி நேரத்தில் கழுத்து போய்விடும். இருட்டுக்குக் கண் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் போனை ஒருமுறை திறந்தால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் தெருக்காரர்கள் பத்து நிமிடத்தில் திரும்பினார்களே, அவர்கள் கண் அப்போது திறக்கவே ஆரம்பித்திருக்காது. போர்வை, கொசுவுக்கு ஏதாவது, பிளாஸ்கில் டீ, குறைந்தது ஒரு மணி நேரம். எரிமீன்கள் சீராக வராது. கால் மணி நேரம் ஒன்றும் இருக்காது, பிறகு ஒரே நிமிடத்தில் மூன்று. மினுக்கி மினுக்கிப் போனால் விமானம், சத்தமில்லாமல் சில நிமிடம் நிதானமாக நகர்ந்தால் செயற்கைக்கோள். எரிமீன், பக்கத்தில் இருப்பவரிடம் "அதோ" என்று சொல்லி முடிப்பதற்குள் மறைந்துவிடும்.

## டிசம்பரைத் தவற விட்டால்

ஆகஸ்ட் பெர்சீட் பற்றி உலகமே பேசும், ஆனால் அதன் தோற்றப்புள்ளி சென்னையில் பாதி வானத்துக்கு மேல் ஏறாது, மேகமும் அதிகம். நான் பரிந்துரைப்பது மே 5, 6 வாக்கில் வரும் ஈட்டா அக்வாரிட். அது கும்பத்திலிருந்து, விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் கிழக்கே. நொடிக்கு 66 கி.மீ. வேகம், சில எரிமீன்கள் போன பிறகும் ஒளித்தடம் ஓரிரு நொடி நிற்கும். ஐரோப்பாவுக்கு அது சரியாகக் கிடைக்காது, நம் அட்சரேகைக்கு நன்றாகவே கிடைக்கும், கோடை வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அந்தத் தூசி ஹாலி வால்நட்சத்திரத்தினுடையது. 1986-ல் வந்த ஹாலி 2061-ல்தான் திரும்பும். அதன் மணல் மட்டும் வருடம் தவறாமல் வருகிறது.

அடுத்த வீட்டு அக்காவுக்கு நட்சத்திரம் ரோகிணி. போன மாதம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன், "இதுவா, இவ்ளோ சிவப்பாவா இருக்கு?" என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதம் மூன்று மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறார்.